விளைவில் பங்கு: உழுவோரும் உண்போரும் கைகோத்த வரலாறு

தமிழில் 'வாரம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஏழு நாள் கொண்ட கால அளவு ஒன்று. விளைவில் பெறும் பங்கு மற்றொன்று. அரசோ நிலக்கிழாரோ பெற்ற பங்கை மேல்வாரம் என்றும், உழுத குடி பெற்ற பங்கைக் குடிவாரம் என்றும் தமிழகத்தார் வழங்கினர். சொல்லளவில் மட்டும் ஒன்றாயிருந்த இவ்விரு பொருளும் செயலளவிலும் ஒன்று கூடிய ஒரு முறை இன்று உலகின் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றது.

நகரத்துக் குடும்பம் ஒன்று, விதை மண்ணில் விழுவதற்கு முன்பே, ஒரு பண்ணையின் அவ்வாண்டு விளைவில் ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிடுகின்றது. பருவம் தொடங்கிய பின் வாரந்தோறும் ஒரு கூடைக் காய்கறி அதற்கு வந்து சேர்கின்றது. கூடையில் இன்னது வேண்டும் என்று கேட்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. நிலம் எதைத் தந்ததோ அதுவே கூடையில் இருக்கும். விளைவு மிகுந்தால் கூடை வழியும். மழை பொய்த்தாலோ, பூச்சி வீழ்ந்தாலோ கூடை மெலியும். மெலிந்த கூடைக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதே இம்முறையின் உயிர்நிலை.

பழைய வார முறையில் மேல்வாரம் பெற்றவர் விளைவில் பங்கு கொண்டார். வித்தும் உழைப்பும் இட்டவனோ விளைவு பொய்த்தபோது கடனாளி ஆனான். இப்புதிய முறையில் உண்பவர் விளைவில் மட்டுமன்றி இழப்பிலும் பங்கு கொள்ள ஒப்புகின்றனர். காய்கறியை விலைக்கு வாங்குவது எளிது; உழவனின் இழப்பில் பங்கு வாங்குவது அரிது. அவ்வரிய செயலுக்கு மக்கள் எங்கு, எதனால் முன்வந்தனர், எதுவரை அதில் நிலைத்து நின்றனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நேரான வெள்ளரிக்காயின் விலை

இவ்வரலாற்றின் முதன்மையான தொடக்கங்களுள் ஒன்று ஜப்பானில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாடு தொழில்துறையில் விரைந்து முன்னேறியது. சிற்றூர்களை விட்டு மக்கள் நகரங்களை நோக்கிச் சென்றனர். பெருகிய நகர மக்களுக்குக் குறைவின்றிக் காய்கறி வழங்கவேண்டிய பொறுப்பு அரசுக்கு ஏற்பட்டது. 1961ஆம் ஆண்டில் வேளாண்மை அடிப்படைச் சட்டமும், 1966ஆம் ஆண்டில் காய்கறி உற்பத்தியையும் வழங்கலையும் நிலைப்படுத்தும் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாவது சட்டத்தின்படி, இன்ன வட்டாரம் இன்ன காய்கறிக்கு உரியது எனக் குறிக்கப்பட்டது. ஓர் ஊர் முழுவதும் முட்டைக்கோசு. மற்றோர் ஊர் முழுவதும் வெள்ளரிக்காய் என்னும் நிலை உருவாயிற்று.

நகரச் சந்தைக்கு இது நன்மையாகவே தோன்றிற்று. ஆயின், ஒரே நிலத்தில் ஒரே பயிரை ஆண்டுதோறும் இட்டால் அப்பயிருக்குரிய நோயும் பூச்சியும் அம்மண்ணிலேயே குடிகொள்ளும் என்பது உழவர் அறிந்த உண்மை. அவற்றை அடக்கப் பூச்சிமருந்து தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு அதனினும் மிகுதியாகத் தேவைப்பட்டது. சந்தையும் வடிவம், பருமன், நிறம் ஆகியவற்றைக் கொண்டே காய்களைத் தரம் பிரித்தது. வளைந்த வெள்ளரிக்காய்க்கு விலை குறைந்தது. புழுத்துளையுள்ள கோசை வாங்குவார் இல்லை. மருந்தடிக்க மனமில்லாத உழவனும் சந்தைக்கு அஞ்சி மருந்தடித்தான்.

இதே காலத்தில், உண்ணும் பொருளே உயிருக்குப் பகையாகும் என்பதை ஜப்பானியர் அடுத்தடுத்துக் கண்டனர். 1955ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கான பால்மாவில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்ததால் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. 1956ஆம் ஆண்டில், மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் கைகால் நடுங்கி, பேச்சிழந்து மக்கள் மடியும் புதிய நோய் ஒன்று பதிவாயிற்று. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்வழியாக மனிதர் உடலுக்குள் சென்றதே அதற்குக் காரணம் என அரசு ஒப்புக்கொண்டது 1968ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டிலேயே சமையலுக்குரிய தவிட்டெண்ணெயில் வேதிப்பொருள் கலந்து பலர் நோயுற்றனர். அடுத்து, மாடுகள் தின்ற வைக்கோல் வழியாகப் பூச்சிமருந்து பாலிலும் கலந்திருப்பது தெரியவந்தது. 1971ஆம் ஆண்டில் டி.டி.டி., பி.எச்.சி. ஆகிய மருந்துகளை வயல்களில் பயன்படுத்துவது தடுக்கப்பட்டது.

இத்தீங்கை முதலில் உணர்ந்தோருள் சிற்றூர் மருத்துவர் இருவர் குறிப்பிடத்தக்கவர். நாரா மாவட்டத்துக் கோஜோ நகரில் தொழில் புரிந்த யானாசே கிர்யோ, தம்மிடம் வந்த நோயாளிகளின் விளங்காத நோய்களுக்கு வயலில் அடிக்கப்பட்ட மருந்தே காரணம் என்பதை 1950களின் இறுதியிலேயே எடுத்துரைத்தார். நாகானோ மாவட்டத்தில் சாக்கு மத்திய மருத்துவமனையை நடத்திய வாக்காட்சுக்கி தோஷிக்காசு, உழவரிடையே பூச்சிமருந்து நஞ்சேறுதலை ஆராய்ந்தார். சிற்றூர் மருத்துவத்துக்கு ஆற்றிய தொண்டுக்காக 1976ஆம் ஆண்டில் மக்சேசே விருது பெற்றார். உண்பவன் கூடையில் சிறிதளவு கண்ட நஞ்சை உழவன் தன் கையிலும் மூச்சிலும் பேரளவு ஏற்றான் என்பதை இவ்விருவரின் பணியும் உலகுக்கு உணர்த்தியது.

கைகோத்தல் என்னும் சொல்

1971ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் இச்சிராக்கு தெரூவோ. இவர் உழவரும் அல்லர், மருத்துவரும் அல்லர். நெடுங்காலம் கூட்டுறவு இயக்கத்தில் உழைத்தவர். ஆதலின், மண்ணைத் திருத்த வேண்டுமானால் முதலில் சந்தையைத் திருத்த வேண்டும் என்பது அவருக்குப் புலப்பட்டது. மருந்தடிப்பதை நிறுத்தும் உழவன் முதல் சில ஆண்டுகளில் விளைவை இழப்பான்; விளைந்தவற்றையும் சந்தை தள்ளிவிடும். அவனைத் தாங்கி நிற்க வல்லார் யார்? அவன் விளைப்பதை உண்போரே என்பது இச்சிராக்கு கண்ட விடை.

உழுவோரும் உண்போரும் கொள்ளும் இவ்வுறவுக்குத் 'தெய்கெய்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இச்சொல்லுக்கு 'உழவனின் முகம் பதிந்த உணவு' என்பது பொருள் என மேனாட்டு நூல்கள் பலவற்றில் எழுதியுள்ளனர். அது சொற்பொருள் அன்று. தெய்கெய் என்பதை எழுதப் பயன்படும் இரண்டு எழுத்துகளும் கையில் தாங்குதல், கையிற் கொண்டு செல்லுதல் என்னும் பொருளன. இரண்டும் சேர்ந்து, கைகோத்துச் செயற்படுதலைக் குறிக்கும். இரு வணிக நிறுவனங்கள் உடன்பாடு செய்துகொள்வதையும் ஜப்பானிய நாளேடுகள் இச்சொல்லாலேயே குறிக்கின்றன. இவ்வியக்கத்தார், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் உறவு எனத் தம் முறையை விளக்கிக் கூறுவது வழக்கம். அவ்விளக்கமே சொல்லின் பொருளாக மேனாட்டில் மயங்கிவிட்டது போலும். மயக்கம் சிறிதாயினும் திருத்தத்தக்கது. முகத்தைத் தெரிந்துகொள்வதோடு நிற்பதற்கும் கைகொடுத்துச் சுமையைத் தாங்குவதற்கும் வேறுபாடு உண்டு.

1974ஆம் ஆண்டில் அரியோஷி சவாகோ என்னும் புகழ்பெற்ற பெண் எழுத்தாளர், பலவகை நஞ்சுகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் கேட்டினை 'அசாகி' நாளேட்டில் தொடராக எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வரை அத்தொடர் வெளிவந்தது. காலையில் நாளேட்டைப் படித்த இல்லத்தரசியர் மாலையில் கடைக்காரரிடம் கேள்வி கேட்டனர் எனுமாறு அதன் தாக்கம் நாடெங்கும் பரவிற்று. பால், முட்டை, காய்கறி ஆகியவற்றை உழவரிடமிருந்து நேரே பெற விரும்பிய குழுக்கள் பல இக்காலத்தில் தோன்றின. முன்னரே, 1965ஆம் ஆண்டில், டோக்கியோவில் 200 பெண்கள் கூடி 300 புட்டிப் பாலை மொத்தமாக வாங்கத் தொடங்கிய முயற்சி, 'செய்க்காட்சு கழகம்' என்னும் பெரிய கூட்டுறவு அமைப்பாக வளர்ந்திருந்தது.

மியோஷி சிற்றூர்

தெய்கெய் முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு மியோஷி என்னும் சிற்றூர். டோக்கியோவுக்குத் தெற்கே, சீபா மாவட்டத்துப் போசோ தீவக்குறையின் கோடியில் அஃது அமைந்துள்ளது. 2006ஆம் ஆண்டு முதல் மினமிபோசோ நகரத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. 1970களின் தொடக்கத்தில் டோக்கியோ இல்லத்தரசியர் சிலர் அவ்வூர் உழவரை நாடிச் சென்று, மருந்தும் செயற்கை உரமும் இடாமல் காய்கறி விளைத்துத் தருமாறு வேண்டினர். உழவர் தயங்கினர். அவர்தம் ஐயம் நியாயமானது. பூச்சி தின்ற கீரையை நகரத்தார் எத்தனை வாரம் வாங்குவர்?

விளைவது எதுவாயினும், எவ்வளவாயினும், பூச்சி கடித்ததாயினும், முழுவதையும் எடுத்துக்கொள்வோம் என்று பெண்கள் வாக்களித்தனர். அவ்வாக்கை நம்பி 1974ஆம் ஆண்டில் கூட்டுமுயற்சி தொடங்கிற்று. ஊரிலிருந்து காய்கறி ஏற்றிய வண்டி நகருக்கு வரும். சில குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு சிறு குழுவும் தன் பகுதியில் காய்களை இறக்கித் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். இடைத்தரகர் இல்லை, தரம் பிரிப்பார் இல்லை, அழகிய பொதியும் இல்லை.

வாக்குக் கொடுப்பது ஒருநாள் வேலை. காப்பது ஆண்டு முழுவதும் செய்யவேண்டிய வேலை. முள்ளங்கிப் பருவத்தில் கூடை நிறைய முள்ளங்கியே வந்தது. ஒரு பயிர் முடிந்து மற்றொன்று தொடங்காத இடைக்காலத்தில் கூடை ஏறத்தாழ வெறுமையாயிற்று. கடைக்குச் சென்று வேண்டியதை வாங்கிப் பழகிய நகரத்துப் பெண்கள், வந்ததைக் கொண்டு சமைக்கக் கற்றனர். முள்ளங்கியின் இலையையும் சமைத்தனர். மிகுந்ததை உப்பிட்டு ஊறவைத்தனர். அடுக்களையே பருவத்துக்கு ஏற்ப மாறிற்று.

களையெடுக்கும் காலத்தில் நகரத்தார் ஊருக்குச் சென்று உழவருடன் வயலில் இறங்குவதும் தெய்கெய் குழுக்களில் வழக்கமாயிற்று. உழவுக்கு உதவுதல் என்னும் பொருளில் 'என்னோ' என்னும் சொல் ஜப்பானிய மொழியில் உண்டு. இவ்வியக்கத்தார் அதன் ஒலியை மாற்றாமல் முதல் எழுத்தை மட்டும் மாற்றி எழுதினர். உதவியைக் குறிக்கும் எழுத்துக்குப் பதிலாக உறவுப் பிணைப்பைக் குறிக்கும் எழுத்தை இட்டனர். உதவி செய்பவன் மேலிருந்து கொடுப்பவன்; உறவுடையவனோ உடன் நிற்பவன். ஒலி ஒன்றாயிருக்கப் பொருள் உயர்ந்தது.

பத்து நெறிகள்

இத்தகைய குழுக்களின் பட்டறிவைத் தொகுத்து, 1978ஆம் ஆண்டில் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் தெய்கெய் முறைக்குப் பத்து நெறிகளை வகுத்தது. இவ்வுறவு பொருளை விற்றுவாங்கும் உறவன்று, ஒருவரை ஒருவர் தாங்கும் நட்புறவு என்பது முதல் நெறி. என்ன பயிரிடுவது என்பதை இருசாராரும் முன்கூட்டியே கலந்து முடிவு செய்வது இரண்டாவது. விளைந்ததை முழுவதும் ஏற்பது மூன்றாவது. விலையை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து உறுதி செய்வது நான்காவது. எல்லாம் விலைபோவதாலும் தரம் பிரித்துப் பொதியும் வேலை குறைவதாலும் உழவர் பெறும் நன்மையையும், புதிய தூய உணவு கிடைப்பதால் உண்போர் பெறும் நன்மையையும் கருதியே விலை அமையவேண்டும்.

அடிக்கடி கூடிப் பேசுதல், பொருளைத் தாமே எடுத்துச் சென்று வழங்குதல், எல்லாரும் பொறுப்பேற்கும் குடியாட்சி முறையில் குழுவை நடத்துதல், கற்றலுக்கு இடமளித்தல், குழுவை அளவுக்கு மீறிப் பெருக்காமை ஆகியவை அடுத்து வருவன. பத்தாவது நெறி தனிச் சிறப்புடையது. தொடக்கத்திலேயே எல்லா நெறிகளும் நிறைவேறா. குறைகளோடு தொடங்கிச் சோர்வின்றி முன்னேறுக என்பது அதன் கருத்து. நெறி வகுத்தோர் மனித இயல்பை அறிந்தவர் என்பதற்கு அதுவே சான்று.

ஒரு பண்ணையின் தோல்வியும் மீட்சியும்

சைத்தாமா மாவட்டத்து ஒகாவா என்னும் ஊரில் கனேக்கோ யோஷினோரி என்னும் இளைஞர் 1971ஆம் ஆண்டில் இயற்கை வேளாண்மையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில், நாட்டில் நெல் மிகுந்துவிட்டது என்று கூறி, வயல்களில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடுமாறு அரசு உழவரைக் கேட்டிருந்தது. நிலத்தைச் சும்மா போடுவதைவிட, அந்நிலத்தில் விளைவதைச் சில குடும்பங்களோடு பகிர்ந்து உண்பது மேல் எனக் கனேக்கோ கருதினார். தம் பண்ணை 10 குடும்பங்களைத் தாங்கும் என்று கணக்கிட்டார். 1975ஆம் ஆண்டில் 10 குடும்பங்கள் மாதக் கட்டணம் செலுத்த, அரிசியும் காய்கறியும் பிறவும் வழங்கத் தொடங்கினார்.

இரண்டே ஆண்டில் அம்முயற்சி முறிந்தது. கட்டணம் என்று ஒன்று வந்ததும் கணக்கும் வந்தது. கொடுத்த பணத்துக்கு ஈடான காய் வந்ததா என்னும் கேள்வி எழுந்தது. பருவம் ஏமாற்றினாலும் உழவன் ஏமாற்றியது போன்ற எண்ணம் தோன்றிற்று. பெயரளவில் பங்காளிகளாயிருந்தோர் உள்ளத்தளவில் வாடிக்கையாளராகவே இருந்தனர். 1977ஆம் ஆண்டில் அவ்வுடன்பாடு கலைந்தது.

கனேக்கோ சந்தைக்குத் திரும்பவில்லை. அடுத்து அவர் மேற்கொண்ட முறை எவரும் எதிர்பாராதது. விலையையே நீக்கிவிட்டார். வயலில் விளைந்ததைத் தமக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். பெற்றவர் தம் மனத்துக்கும் வசதிக்கும் ஏற்ற தொகையை நன்றிக் காணிக்கையாகத் திருப்பியளித்தனர். தொகையை உழவர் குறிப்பதில்லை. விலை குறித்தபோது முறிந்த உறவு, விலை நீங்கியபோது நிலைத்தது. இத்தனை கிலோ இத்தனை பணம் என்னும் அளவுகோல் இல்லாதபோது மனக்குறைக்கு இடமும் இல்லாது போயிற்று. அப்பண்ணை பல ஆண்டுகள் இளைஞர்க்கு உழவு கற்பிக்கும் பள்ளியாகவும் விளங்கிற்று. அக்கம்பக்கத்து உழவரும் காலப்போக்கில் அவ்வழியைப் பின்பற்றினர்.

மேலை நாடுகளில்

ஜப்பானில் நஞ்சுக்கு அஞ்சித் தோன்றிய இம்முறை, மேலை நாடுகளில் வேறு காரணங்களால் தோன்றிற்று. 1978ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே 'கொக்காஞ் தோட்டங்கள்' என்னும் கூட்டுறவுப் பண்ணை தொடங்கப்பட்டது. உறுப்பினர் ஆண்டுப் பங்குத்தொகை செலுத்துவதோடு, ஆண்டுக்குச் சில அரைநாள்கள் வயலிலும் உழைத்தனர். சுவிட்சர்லாந்தில் இத்தகைய பண்ணை ஒன்றில் பழகிய யான் வாண்டர்டூயின் 1980களின் நடுவே அமெரிக்காவுக்குச் சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தெற்கு எக்ரமான்ட் என்னும் ஊரில் 'இந்தியன் லைன்' பண்ணையை நடத்திய ராபின் வான் என் அம்மையாரைச் சந்தித்தார்.

அக்காலத்தில் அமெரிக்க உழவர் கடனாலும் உயர்ந்த வட்டியாலும் நிலத்தை இழந்துகொண்டிருந்தனர். வங்கிக் கடனுக்குப் பதிலாக, உண்போர் முன்பணத்தைக் கொண்டே பயிர்செய்ய இயலுமா என்று அவ்விருவரும் நண்பர் சிலரும் ஆராய்ந்தனர். 1985ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆப்பிள் விளைவை ஏறத்தாழ 30 பங்குகளாக்கி விற்றுப் பார்த்தனர். அம்முயற்சி வெற்றி பெறவே, 1986ஆம் ஆண்டில் காய்கறிப் பங்குகளைத் தொடங்கினர். கோடைத் தொடக்கத்தில் கீரையும் சிறு முள்ளங்கியும் பட்டாணியும், நடுக்கோடையில் தக்காளியும் மக்காச்சோளமும், பனிக்கு முன் பூசணியும் கேரட்டும் கோசும் எனப் பருவந்தோறும் கூடை மாறிற்று. 'சமூக ஆதரவு வேளாண்மை' என்னும் பெயரும் அங்கேயே வழக்குப் பெற்றது.

அதே 1986ஆம் ஆண்டில் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் 'டெம்பிள்-வில்டன்' சமூகப் பண்ணையும் தோன்றிற்று. அதைத் தொடங்கிய மூவருள் ட்ரௌகர் க்ரோ என்பார் செர்மானிய உழவர். இப்பண்ணையில் பங்குக்குக் குறித்த விலை இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினர் கூடுவர். பண்ணையின் அவ்வாண்டுச் செலவு அவர்முன் வைக்கப்படும். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தொகையைச் சொல்லுவர். கூட்டுத்தொகை செலவை எட்டும்வரை மீண்டும் கேட்பர். காய்கறியோ அவரவர் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வது. ஒகாவா ஊரில் கனேக்கோ கண்ட உண்மையை, நியூ ஹாம்சயர் உழவர் வேறொரு வழியில் கண்டனர்: காயின் எடைக்கும் பணத்தின் தொகைக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்தாலன்றிப் பங்காண்மை நிலைக்காது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் மறந்துவிடும் பெயர் ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியராயிருந்த புக்கர் வாட்லி என்னும் கறுப்பின அறிஞர், சிறு நிலமுடைய உழவர் தம் வாடிக்கையாளரை முன்பணம் கட்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தினார். உறுப்பினரே பண்ணைக்கு வந்து காய்கனிகளைப் பறித்துச் செல்வர். சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு உழவனுக்கு மிச்சமாகும். நிலத்தையும் கடன் வசதியையும் இழந்துவந்த கறுப்பின உழவர் பிழைத்திருப்பதற்கான வழியாக அவர் இதைக் கண்டார். அவர் நூல் 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆதலின், ஜப்பானிலிருந்தே அமெரிக்காவுக்கு இம்முறை சென்றது என்று பொதுவாகக் கூறப்படுவது முழு உண்மை ஆகாது. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்சயர் பண்ணைகளுக்குக் கருத்து வந்த வழி சுவிட்சர்லாந்தும் செர்மனியுமே. அலபாமாவில் அஃது உள்நாட்டிலேயே முளைத்தது. ஓரிடத்தில் நஞ்சு, ஓரிடத்தில் கடன், ஓரிடத்தில் நிற வேற்றுமை என நோய் வேறுபட்டது; மருந்து ஒன்றாயிற்று.

நிலம் யாருக்கு?

விளைவைப் பங்கிட்டோர் முன் விரைவிலேயே மற்றொரு கேள்வி எழுந்தது. பங்காளர் அனைவரும் பணமும் உழைப்பும் இடும் நிலம் ஒருவர் பெயரில் இருக்கலாமா? இந்தியன் லைன் பண்ணையில் 1990ஆம் ஆண்டையொட்டிக் குழுவினருள் ஒரு சாரார் பிரிந்து வேறிடத்தில் தனிப் பண்ணை கண்டனர். ராபின் வான் என் அம்மையார் மனம் தளராது, நாடெங்கும் இம்முறையைப் பரப்புவதில் ஈடுபட்டார். 1997ஆம் ஆண்டு சனவரியில், ஐம்பது வயது நிரம்புமுன்பே, ஆஸ்துமா நோயால் காலமானார்.

பண்ணை விலைக்கு வந்தது. உழவரால் வாங்கவியலாத விலைக்கு அவ்வட்டாரத்து நிலம் உயர்ந்திருந்தது. 1999ஆம் ஆண்டில், அவ்வட்டார மக்களின் நில அறக்கட்டளை ஒன்று நன்கொடை திரட்டி நிலத்தை வாங்கிற்று. இயற்கைக் காப்பு அமைப்பு ஒன்றும் துணைநின்றது. நிலம் அறக்கட்டளைக்கு உரியது. அதை 99 ஆண்டுக் குத்தகையில் பெறும் உழவர்க்குக் கட்டடங்கள் உரியன. அந்நிலம் என்றும் உழவு நிலமாகவே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. விளைவில் தொடங்கிய பங்கு நிலம்வரை சென்றாலன்றி முழுமை பெறாது என்பதற்கு அப்பண்ணை சான்றாயிற்று.

தேய்வும் தேர்வும்

ஜப்பானில் தெய்கெய் முறை 1990களில் தேயத் தொடங்கிற்று. காய்களை இறக்கிப் பிரித்து வழங்கும் வேலையைச் சம்பளமின்றிச் சுமந்தவர் இல்லத்தரசியரே. அவர்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியபோது அப்பணிக்கு ஆள் குறைந்தது; ஆடவர் அவ்விடத்தை நிரப்ப முன்வரவில்லை. நட்புறவு பேசிய இயக்கம், ஒரு சாராரின் ஓய்வுநேரத்தின் மீது தன் கட்டடத்தை எழுப்பியிருந்தது. அதன் குறை அப்போதுதான் வெளிப்பட்டது. வீட்டு வாயிலில் பெட்டியைத் தரும் நிறுவனங்கள் பெருகின. 1999ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தரச்சட்டத்தால் இயற்கை விளைபொருளுக்கு முத்திரை வந்தது. முத்திரை இருந்தால் முகம் தேவையில்லை. எந்தக் கடையிலும் வாங்கலாம்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இம்முறைக்குக் கடுமையான தேர்வு வந்தது. நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொடர்ந்து ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்திலிருந்து கதிரியக்கம் பரவிற்று. பல ஆண்டுகளாக மருந்திடாது மண்ணைக் காத்துவந்த அம்மாவட்டத்து உழவர் பலர், தாம் செய்யாத பிழைக்காகத் தம் நெடுநாளைய பங்காளிகளை இழந்தனர். விலகியோரைக் குறைகூறவும் இயலாது. குழந்தைகளுக்குத் தூய உணவு வேண்டும் என்றே அவர்கள் இவ்வியக்கத்துக்கு வந்தனர், அக்குழந்தைகளுக்காகவே விலகினர். விலகாமல் நின்றோரும் உண்டு. உழவரும் தம் மண்ணையும் விளைவையும் கருவி கொண்டு அளந்து, அளந்ததை மறையாது அறிவித்து, இழந்த நம்பிக்கையை மீண்டும் தேட முயன்றனர். இழப்பில் பங்கு என்னும் சொல்லுக்கு எல்லை எது என்னும் கேள்வி அன்று உழவர், உண்போர் இருவர் முன்னும் நின்றது. அதற்கு இன்றும் எளிய விடை இல்லை.

ஆயினும் இம்முறை மறையவில்லை. 2001ஆம் ஆண்டில், நியூயார்க்கு நகருக்கு அருகே இத்தகைய பண்ணையைக் கண்டுவந்த தென்பிரான்சு உழவர் இணையர், மார்சேய் அருகிலுள்ள ஒபாஞ் நகரத்துக் குடும்பங்களோடு சேர்ந்து 'அமாப்' என்னும் பெயரில் அந்நாட்டின் முதற்குழுவைத் தொடங்கினர். பின்னர் அது பிரான்சு முழுவதும் பரவிற்று. 2015ஆம் ஆண்டைப் பற்றிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கெடுப்பில் 7,398 பண்ணைகள் இம்முறையில் விற்றதாகக் காணப்பட்டது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிக் கடைகள் வெறிச்சோடியபோது, முன்பின் அறியாத குடும்பங்கள் பங்கு கேட்டுப் பண்ணைகளின் வாயிலில் நின்றன.

நெருக்கடியில் வந்தோர் நெருக்கடி நீங்கியதும் திரும்பிச் செல்வது உலகியல்பு. ஆகவே இவ்வியக்கத்தின் வலிமையை நிறைந்த கூடையைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. மழை பொய்த்த ஆண்டில், நான்கு கிழங்கும் ஒரு பிடிக் கீரையும் வந்த வாரத்தில், அக்கூடையைப் பெற்ற குடும்பம் மறு ஆண்டும் விதைப்புக்கு முன் பணம் கட்டிற்றா என்பதே அளவுகோல். கட்டிய குடும்பங்கள் மியோஷியிலும் இருந்தன, மாசசூசெட்சிலும் இருந்தன. அவர்கள் பெற்ற வாரம், வாரம் என்னும் சொல்லின் இரு பொருளுக்கும் உரியது.